கறுப்புக் கண்ணாடி குளிருமா?

இரண்டு நம்பிக்கைகள்

கத்திரி வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும் பிள்ளையை, “அது வெயிலை இழுக்கும், வேற போடு” என்று நிறுத்தாத வீடு குறைவு. அதே வீட்டில் கார் வாங்கியதும் எழும் முதல் பேச்சுகளில் ஒன்று, கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்பது. சட்டையில் சூட்டைக் கூட்டும் கறுப்பு, கண்ணாடியில் மட்டும் எப்படிச் சூட்டைக் குறைக்கும்? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டாவது சரி, ஃபிலிம் ஒட்டுபவர் எதிர்பார்ப்பதைவிட மிகவும் சிறியது. ஒரு ஃபிலிம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பது ஒரு குணம், எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பது வேறொரு குணம். இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், ஒட்டலாமா, ஒட்டினால் எதை, எந்தக் கண்ணாடியில் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையும் பெரும்பாலும் இருக்காது.

நிறுத்திய கார் ஏன் கொதிக்கிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாட்களில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பார்த்தும் பெரிய வித்தியாசமில்லை. 2018-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட அளவீடுகள் இன்னும் கடுமை: 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரின் உட்காற்று சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற காரில் இவை முறையே 38, 48.

வெயில் கண்ணாடி வழியே உள்ளே வருகிறது, சீட்டும் டேஷ்போர்டும் அதை விழுங்கிச் சூடாகின்றன, சூடான பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை, அதனால் சூடு சிறைப்படுகிறது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். இது பாதிக் கதை. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், வெப்பக் கதிர்களையும் வெளியே விடக்கூடிய பாறை உப்புத் தகட்டால் ஒரு பெட்டியையும் கண்ணாடியால் இன்னொரு பெட்டியையும் மூடி வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறியதாக 1909-இல் எழுதினார். சூடான காற்று மேலே எழுந்து போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதுதான் பெரிய காரணம். விரற்கடை அளவு இடுக்கு அந்தக் காற்றை வெளியேற்றப் போதாது என்பதால்தான் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பது பலிக்கவில்லை. நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒரே முடிவு. உள்ளே வந்துவிட்ட சூட்டை வெளியேற்றுவது கடினம். உள்ளே வரவிடாமல் தடுப்பதே வழி. ஃபிலிம் செய்ய முயல்வதும் இதைத்தான். எவ்வளவு தூரம் அது முடிகிறது என்பதே கேள்வி.

வெயிலைப் பிரித்துப் பார்த்தால்

நம் மேல் விழும் வெயிலை 100 பங்காக வைத்துக்கொண்டால், அதில் சுமார் 5 பங்கு கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். தோலைக் கருக்குவதும் சீட்டுத் துணியை வெளுக்க வைப்பதும் பெரும்பாலும் இதன் வேலை. சுமார் 43 பங்கு நாம் பார்க்கும் ஒளி. மீதி 52 பங்கு அகச்சிவப்புக் கதிர், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்பு மட்டும்தான் சூடு, ஒளி வெறும் வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சீட்டு எந்தக் கதிரை விழுங்கினாலும் அது கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். வெயிலின் சூட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு வெளிச்சத்தின் மூலமாகவே வருகிறது.

கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் அந்த 43 பங்கைப் பற்றிய செய்தி மட்டும் என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு ஃபிலிம் கறுப்பாகத் தெரிந்தால், ஒளியை அது தடுக்கிறது என்று பொருள். மீதி 52 பங்கை அது என்ன செய்கிறது என்று எந்தக் கண்ணும் சொல்ல முடியாது. சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம்கள் ஒளியைத் தாராளமாக விழுங்கும், அகச்சிவப்பை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். கடைக்காரர்கள் செராமிக் ஃபிலிம் என்று விற்கும் வகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. அவை அகச்சிவப்பைப் பிடித்துக்கொண்டு ஒளியைப் போகவிடும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதனால்தான் பார்வைக்குத் தெளிவாக இருக்கும் ஃபிலிம், இருண்ட ஃபிலிமைவிட அதிகமாக வெப்பத்தைத் தடுக்க முடிகிறது. விலை பல மடங்கு இருப்பதும் இதனால்தான்.

ஒளியில் எத்தனை சதவீதம் கண்ணாடியைத் தாண்டி வருகிறதோ அதை ஒளி ஊடுருவல் என்று அழைப்போம். எண் பெரிதானால் கண்ணாடி தெளிவு, சிறிதானால் இருட்டு.

நூறு பங்கு வெயிலின் கணக்கு

இனி ஒரு கணக்கு. இதில் வரும் எண்கள் எந்த நிறுவனத்தின் சரக்கையும் குறிப்பவை அல்ல; சந்தையில் கிடைப்பவற்றின் வழக்கமான அளவுகளை ஒட்டி, கணக்கு எளிதாக வர எடுத்துக்கொண்டவை.

முதலில் நிறமே இல்லாத சாதாரணக் கண்ணாடி. ஒளியில் 90 சதவீதத்தையும் அகச்சிவப்பில் 80 சதவீதத்தையும் அது உள்ளே விடுகிறது என்போம். 43 பங்கில் 39, 52 பங்கில் 42, புறஊதாவில் ஒரு 3, மொத்தம் 84 பங்கு நேராக உள்ளே வந்துவிட்டது. 8 பங்கு கண்ணாடிப் பரப்பில் பட்டுத் திரும்பிப் போகிறது. மீதி 8 பங்கைக் கண்ணாடி விழுங்குகிறது. விழுங்கிய சூடு அங்கேயே தங்கிவிடாது. கண்ணாடி சூடாகி இரு பக்கமும் அதைக் கொடுக்கும். மூன்றில் ஒரு பங்கு உள்பக்கம் வருவதாக வைத்துக்கொள்வோம். கார் ஓடும்போது வெளிக்காற்று அடித்துப் போவதால் இது குறையும், நிற்கும்போது கூடும். ஆக 84-உடன் இன்னொரு 3 சேர்ந்து, உள்ளே வருவது 87.

இந்தக் கண்ணாடியில் இருண்ட சாய ஃபிலிம் ஒன்றை ஒட்டுகிறோம். அந்த ஃபிலிமின் ஒளி ஊடுருவல் 40 சதவீதம். அகச்சிவப்பில் 95 சதவீதத்தைப் போகவிடும். இப்போது ஒளியில் 15 பங்கும் அகச்சிவப்பில் 40 பங்கும் உள்ளே வருகின்றன. புறஊதா ஏறக்குறைய நின்றுவிட்டது. நேராக வருவது 55. திரும்பிப் போவது 8, விழுங்கப்படுவது 37. அந்த 37-இல் மூன்றில் ஒரு பங்கான 12 பின்னால் வந்து சேர்கிறது. மொத்தம் 67. கறுப்புச் சட்டையின் கதை இங்கேதான் தலைகாட்டுகிறது: ஃபிலிம் வெயிலை விழுங்கத்தான் செய்கிறது, சூடாகத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சூட்டின் பெரும் பகுதி வெளிப்பக்கம் போய்விடுவதால் உள்ளே இருப்பவருக்கு ஓரளவு லாபம்.

இப்போது அதே கண்ணாடியில் செராமிக் ஃபிலிம். அதன் ஒளி ஊடுருவல் 70, அகச்சிவப்பில் 20 சதவீதம்தான் போகவிடும். ஒளியில் 27, அகச்சிவப்பில் 8, நேராக வருவது 35. விழுங்கப்படுவது 57, அதில் பின்வழியாக வருவது 19. மொத்தம் 54. பார்த்தால் ஃபிலிம் ஒட்டியிருப்பதே சட்டென்று தெரியாத கண்ணாடி, இருண்ட கண்ணாடியைவிட 13 பங்கு குறைவாக வெப்பத்தை உள்ளே விடுகிறது.

ஆனால் இன்று ஷோரூமிலிருந்து வெளிவரும் கார்களில் முழுக்க நிறமற்ற கண்ணாடி அரிது. உற்றுப் பார்த்தால் விளிம்பில் ஒரு பச்சைச் சாயல் தெரியும். கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பின் வேலை அது. இரும்பு அகச்சிவப்பை நன்றாக விழுங்கும். இந்தப் பச்சைக் கண்ணாடியின் ஒளி ஊடுருவல் 77, அகச்சிவப்பில் 45 சதவீதம் என்று கொண்டு அதே கணக்கைப் போட்டால், நேராக வருவது 57, பின்வழியாக 12, மொத்தம் 69. நிறமற்ற கண்ணாடியில் கறுப்புச் சாய ஃபிலிம் ஒட்டிக் கிடைத்த 67-க்கும் இதற்கும் இரண்டே பங்கு வித்தியாசம்! கறுப்பு ஃபிலிம் தரப்போகும் குளிர்ச்சியில் பெரும் பகுதியை, இருட்டு ஏதும் இல்லாமலே கார் கம்பெனி ஏற்கெனவே கொடுத்துவிட்டது. இந்தப் பச்சைக் கண்ணாடியின் மேல் செராமிக் ஃபிலிமை ஒட்டினால் நேராக வருவது 28, பின்வழியாக 21, மொத்தம் 49. ஆக நாம் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது 69-க்கும் 49-க்கும் இடையிலுள்ள 20 பங்கு.

20 பங்கு என்றால் எவ்வளவு? ஒரு சிறிய காரில் ஒரு பக்கக் கண்ணாடிகளின் பரப்பு 0.6 சதுர மீட்டர் என்றும், மாலை நான்கு மணி வெயில் அதில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 வாட். அதில் 20 சதவீதம் 72 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் வெளிவிடும் வெப்பமே சுமார் 100 வாட். பின் சீட்டிலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டால் ஏசிக்குக் குறையும் வேலையைவிடக் குறைவுதான் ஃபிலிம் மிச்சப்படுத்துவது. பெட்ரோல் மிச்சம் என்ற விளம்பரத்தை இந்த எண்ணின் வெளிச்சத்தில் படித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஃபிலிம் ஒட்டியவர்கள் நன்றாகத் தெரிகிறது என்று சத்தியம் செய்கிறார்களே? அவர்கள் சொல்வதும் உண்மை. ஜன்னலோரம் இருப்பவரின் கைமேல் நேராக விழும் வெயில் 57 பங்கிலிருந்து 28 ஆகப் பாதியாகக் குறைந்துவிட்டது. காருக்குள் காற்றின் வெப்பநிலை பெரிதாக மாறாவிட்டாலும் தோல் அதை உடனே உணரும். நாம் சுகம் என்று சொல்வதில் காற்றின் சூட்டுக்கு ஒரு பங்கு, நம்மேல் படும் கதிருக்கு ஒரு பங்கு. ஃபிலிமின் உண்மையான லாபம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

கடை விளக்கு சொல்லும் சாட்சி

ஃபிலிம் கடைகளில் ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். கையை நீட்டச் சொல்லி, விளக்குக்கும் கைக்கும் நடுவில் ஒரு துண்டு ஃபிலிமை நுழைப்பார்கள். சுள்ளென்று இருந்த சூடு சட்டென்று மறைந்துவிடும். அதில் ஏமாற்று எதுவுமில்லை. ஆனால் சூடான கம்பியால் எரியும் அந்த விளக்கின் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அகச்சிவப்பு. வெயிலில் அது பாதிதான். விளக்குக்கு முன்னால் வெற்றி பெறும் ஃபிலிம் வெயிலுக்கு முன்னால் அதே அளவுக்கு வெற்றி பெறாது. அகச்சிவப்பில் 97 சதவீதம் தடுக்கும் என்ற அட்டையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அது 52 பங்கைப் பற்றிய பேச்சு. அதிலும் சில கையடக்க அளவிகள் அகச்சிவப்பின் ஒரு குறுகிய பகுதியை மட்டுமே அளக்கின்றன. அட்டையில் தேட வேண்டிய எண், வெயிலின் மொத்த ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது. அது 97-க்குப் பக்கத்திலேயே வராது. 50 வந்தாலே நல்ல ஃபிலிம்.

99 சதவீதம் புறஊதா தடுப்பு என்ற வரியும் இதே ரகம். புறஊதா மொத்தமே 5 பங்கு. அதை முழுக்கத் தடுத்தாலும் கார் குளிர்ந்துவிடாது. தோலுக்கு அது நல்லதா என்றால், பக்கக் கண்ணாடியில் நல்லதுதான். முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலமே புறஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். கதவுக் கண்ணாடிகள் ஒற்றைத் தகடு. 29 கார்களை அளந்து 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நீண்ட அலைப் புறஊதாவை முன் கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதம் தடுத்தன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71, காருக்குக் கார் 44 முதல் 96 வரை. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் முகத்தில் ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி மட்டும் சுருங்கித் தொங்கிப்போன படத்தை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். நம் ஊரில் அது வலப் பக்கம். ஆனால் புறஊதாவைத் தடுக்க இருட்டு தேவையே இல்லை. முழுக்கத் தெளிவான ஃபிலிமும் அந்த வேலையைச் செய்யும்.

சென்னையில் சூரியன் எங்கே நிற்கிறது?

இதுவரை வெயில் கண்ணாடியில் விழுகிறது என்று எடுத்துக்கொண்டோம். எந்தக் கண்ணாடியில்? சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. நம்மை வாட்டும் அந்த நண்பகலில், செங்குத்தாக நிற்கும் கதவுக் கண்ணாடியில் வெயில் உரசிக்கொண்டுதான் போகிறது. முழு வீச்சில் வாங்குவது கூரையும், சரிந்து படுத்திருக்கும் முன் கண்ணாடியும். முன் கண்ணாடி ஒன்றே நண்பகலில் 400 வாட்டுக்கு மேல் உள்ளே அனுப்பும். பக்கக் கண்ணாடி ஃபிலிம் மிச்சப்படுத்திய 72 வாட்டை இதனுடன் வைத்துப் பார்த்தால் பணம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெள்ளி நிற மடக்குத் தட்டி, செலவுக்குக் கிடைக்கும் பலனில் எந்த ஃபிலிமையும் தோற்கடிக்கும். காரின் நிறமும் சும்மா இல்லை: கலிஃபோர்னியாவில் ஒரே மாடலில் கறுப்புக் கார் ஒன்றையும் வெள்ளி நிறக் கார் ஒன்றையும் வெயிலில் நிறுத்தி அளந்தபோது, வெள்ளிக் காரின் கூரை 25 டிகிரி வரையிலும் உட்காற்று 5 முதல் 6 டிகிரியும் குறைவாக இருந்தன.

பக்கக் கண்ணாடியின் நேரம் காலையும் மாலையும். மே மாதம் மாலை நான்கு மணிக்குச் சென்னையில் சூரியன் தொடுவானுக்கு மேல் சுமார் 33 பாகையில் நிற்கிறது. அப்போதுதான் கதவு வழியே நேராக மடியில் விழும். தினமும் அந்த நேரத்தில் கிழக்கையோ மேற்கையோ பக்கவாட்டில் வைத்து நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு ஃபிலிம் பொருளுள்ள செலவு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் காருக்கு அது அலங்காரம்.

உள்ளிருந்து தெரிகிறது, வெளியிலிருந்து தெரியவில்லை

ஃபிலிம் ஒட்டுபவர்களில் பலருக்கு வெப்பம் ஒரு சாக்குதான், வேண்டியது மறைவு. அதற்கும் இயற்பியல் இருக்கிறது. ஒரே கண்ணாடி, உள்ளே இருப்பவருக்கு வெளியுலகைக் காட்டிக்கொண்டே வெளியே இருப்பவரிடமிருந்து மறைப்பது எப்படி? வெளிக்காட்சி உள்ளிருப்பவரின் கண்ணை அடைய ஒளி ஒரு முறை கண்ணாடியைத் தாண்டினால் போதும். உள்ளிருப்பவரின் முகம் வெளியே தெரிய வேண்டுமானால், வெயில் ஒரு முறை உள்ளே வந்து, முகத்தில் பட்டு, மறுபடி ஒரு முறை வெளியேற வேண்டும். கண்ணாடி இரண்டு முறை வரி வசூலிக்கிறது. ஒளி ஊடுருவல் 77 என்றால் இரட்டைப் பயணத்தில் 59 மிஞ்சும். 54 என்றால் 29. இருண்ட ஃபிலிம் ஒட்டி 15 ஆக்கிவிட்டால் இரண்டே சதவீதம். அந்த இரண்டு சதவீதத்தின் மேல், கண்ணாடிப் பரப்பில் பளபளக்கும் வானத்தின் பிம்பம் எட்டு சதவீதம் விழுகிறது. முகம் அதில் கரைந்துபோகிறது. இரவில் உள் விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும் என்பதை மறைவு விரும்பிகள் நினைவில் வைக்க வேண்டும்.

பெண்களும் குழந்தைகளும் போகும் வண்டிக்கு மறைவு ஒரு பாதுகாப்பு என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மறைவு இரு பக்கமும் வெட்டும். கடத்தப்படுபவரும் அதே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருப்பார். 2012-இல் ஃபிலிமுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத்தின் கவலையும் இதுதான். வெயிலில் பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தையை வழியே போகிறவர் பார்த்துக் கண்ணாடியை உடைக்க வேண்டுமென்றால், முதலில் குழந்தை அவர் கண்ணில் பட வேண்டும். அரை மணி நேரத்தில் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். எந்த ஃபிலிமும் அந்த வேகத்தைக் குழந்தையைக் காப்பாற்றும் அளவுக்குக் குறைக்காது.

இருட்டில் ஓட்டும்போது

பகலில் ஒளி பாதியானாலும் கண்ணுக்குப் பெரிய கஷ்டமில்லை. பாவை விரிந்துகொள்ளும், மூளை சரிசெய்துகொள்ளும். பழகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். விளக்கில்லாத சாலையில் இரவு பத்து மணிக்கு நிலைமை வேறு. அங்கே ஓரமாக நடந்துவரும் ஆள் ஏற்கெனவே கண்ணின் திறனுக்கு விளிம்பில்தான் தெரிகிறார். அந்த ஒளியில் பாதியை எடுத்துவிட்டால் அவர் மங்கலாகத் தெரிவார் என்றில்லை, தெரியாமலே போகலாம். வயது இதைக் கூட்டும்: பாவை சுருங்குவதாலும் விழிவில்லை மஞ்சளாவதாலும், மங்கிய வெளிச்சத்தில் 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மகன் ஆசைப்பட்டு ஒட்டிய ஃபிலிம் வழியே அப்பா ஓட்டும்போது இந்தக் கழிவுகள் ஒன்றோடொன்று பெருகிக்கொள்கின்றன.

பக்கக் கண்ணாடி வழியே சாலையைப் பார்ப்பதில்லையே என்றால், பார்க்கிறோம். கதவுக்கு வெளியே இருக்கும் மிரரைப் பார்ப்பது கதவுக் கண்ணாடி வழியேதான். இரு பக்கமும் பைக்குகள் உரசிக்கொண்டு முந்தும் நம் சாலையில் அந்த மிரர்தான் கவசம். எதிர்வண்டியின் ஹைபீம் கூச்சத்துக்கு ஃபிலிம் நல்லது என்ற வாதமும் நிற்காது. அந்த வெளிச்சம் வருவது முன் கண்ணாடி வழியே. அங்கே ஃபிலிம் ஒட்டினாலும், கூசும் விளக்கையும் அதன் ஓரத்தில் நிற்கும் ஆளையும் அது ஒரே விகிதத்தில்தான் மங்கலாக்கும்.

விதி கேட்கும் எண்

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி முன், பின் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 70 சதவீத ஒளி ஊடுருவலும் பக்கக் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 50 சதவீதமும் கேட்கிறது. ஃபிலிம் ஒட்டி இந்த எல்லையை மீறுவது பெருகியதால், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஊடுருவல் உள்ள ஃபிலிமையும் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் விதியே திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் முதல், உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியும் தரக் குறியீட்டுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்டது. அதைச் சுட்டி, 70, 50 என்ற எல்லைக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வண்டியை நிறுத்தும் காவலர் எந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்திருப்பார் என்பது வேறு விஷயம். வேறு நாடுகள் வேறு இடத்தில் கோடு போடுகின்றன: சிங்கப்பூரில் முன் கண்ணாடிக்கும் முன் கதவுகளுக்கும் 70, பின்னால் 25, மலேசியாவில் 2019 முதல் முன் கண்ணாடிக்கு 70, முன் கதவுகளுக்கு 50, பின் கதவுகளுக்கு எல்லையே இல்லை. ஓட்டுபவர் பார்க்கும் கண்ணாடி வேறு, பயணி சாயும் கண்ணாடி வேறு என்ற இந்தப் பிரிவினை அறிவியலுக்கும் ஒத்துப்போகிறது. நம் விதி அதைச் செய்யவில்லை என்பது அதன் குறை.

விதியில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த எண் ஃபிலிமுக்கு உரியது அல்ல. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்தத்துக்கு உரியது. இரண்டையும் பெருக்க வேண்டும். 77 சதவீதக் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 54, பக்கத்துக்குப் போதும். 60 சதவீத ஃபிலிம் என்றால் 46. “ஐம்பதுக்கு மேல்தான் சார்” என்று கடைக்காரர் அட்டையைக் காட்டினாலும் அது எல்லைக்குக் கீழே. முன் கண்ணாடியில் இன்னும் கடுமை. ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாத 90 சதவீத ஃபிலிமை ஒட்டினாலும் 77 என்பது 69 ஆகிவிடும்.

எதை ஒட்டலாம், எங்கே?

முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் தொடாமல் விட்டுவிடுங்கள். அங்கே வேண்டியது மடக்குத் தட்டியும் நிழலும், கிளம்பும்முன் இரண்டு நிமிடம் நான்கு கதவுகளையும் திறந்துவைக்கும் பொறுமையும். காலை மாலை வெயிலில் தினமும் நீண்ட நேரம் ஓட்டுபவராக இருந்தால், பக்கக் கண்ணாடிகளில் ஒளி ஊடுருவல் 70-க்குக் குறையாத, மொத்த ஆற்றலில் பாதியைத் தடுக்கும் ஃபிலிமுக்குச் செலவு செய்யலாம். உலோகப் பூச்சுள்ள ரகம் ரேடியோ சமிக்ஞைகளைக் குழப்பக்கூடும் என்பதால் அது வேண்டாம். இருண்ட சாய ஃபிலிம் எந்தக் கண்ணாடிக்கும் தேவையில்லை. கடைக்குப் போனதும் முதல் வேலையாக, எதுவும் ஒட்டாத உங்கள் கதவுக் கண்ணாடியின் ஒளி ஊடுருவலை அளவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒட்டி முடித்ததும் மறுபடி அளந்து அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். அளவி இல்லை என்று சொல்லும் கடையில் ஒட்டாதீர்கள்.